பெரிய விசிறி ஏன் எண்ணெய் மிச்சம் பிடிக்கிறது

சின்னமுட்டம்

அன்புள்ள மரியதாஸ்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்கள் எல்லாருக்கும் நிம்மதி. இங்கே தடைக்காலம். தம்பி விசைப்படகைக் கரையேற்றி பெயின்ட் அடிக்கிறான்.

திருவனந்தபுரத்தில் விமானம் ஏறும்போது பார்த்தாயே, அந்த என்ஜின் ஏன் அவ்வளவு பெரிது, அது எண்ணெய் கூடுதலாகக் குடிக்காதா என்று கேட்டிருந்தாய். நேற்று படகுக்கு அடியில் நின்றபோது பதில் கண்முன்னே இருந்தது மக்கா.

விசைப்படகின் புரொப்பல்லர் அகலமானது, மெதுவாகச் சுற்றும். வள்ளத்தின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு என்ஜினில் இருப்பது சின்னது, வேகமாகச் சுற்றும். வலை இழுக்க முதலாவதுதான் சரி. நிறையத் தண்ணீரை மெல்லத் தள்ளினாலும், கொஞ்சத்தை வேகமாகத் தள்ளினாலும் ஒரே உந்துவிசை கிடைக்கும், ஆனால் செலவு வேறு. வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்கு. காற்றுக்கும் இதே கணக்குதான். அதனால் இரண்டு பங்கு காற்றைப் பாதி வேகத்தில் தள்ளினால், அதே உந்துவிசைக்குப் பாதி ஆற்றல் போதும்.

விமான என்ஜினின் முன்னால் தெரியும் விசிறி செய்வது இதுதான். அது இழுக்கும் காற்றில் சிறு பங்குதான் உள்ளே எரியப் போகும், மீதி வெளியே சுற்றிப் போய்விடும். பழைய போயிங் 737 விமானத்தில் இருந்த ஜேடி8டி என்ஜினில் உள்ளே ஒரு பங்கு என்றால் சுற்றிலும் ஏறத்தாழ ஒரு பங்குதான். இன்றைய ஏர்பஸ் ஏ320 நியோ விமானத்தின் லீப் என்ஜினில் சுமார் 11 பங்கு. விசிறியின் விட்டம் ஏறத்தாழ 2 மீட்டர்.

சரி, இன்னும் பெரிதாக்கினால் என்ன? விசிறியின் நுனி ஒலியின் வேகத்தை மிகவும் தாண்டிவிடும், இழப்பும் இரைச்சலும் கூடும். விசிறியை மெதுவாக்கினால், அதைச் சுழற்றும் டர்பைனும் (எரிந்த சூடான வாயு சுற்றவைக்கும் சக்கரம்) மெதுவாகும், அதற்கோ வேகம்தான் வேண்டும். பிராட் அண்ட் விட்னி என்ற என்ஜின் கம்பெனி இரண்டுக்கும் நடுவில் கியர்பாக்ஸ் வைத்தது. டர்பைன் மூன்று சுற்றுச் சுற்ற, விசிறி ஏறத்தாழ ஒரு சுற்று. தம்பியின் டீசல் என்ஜினுக்கும் புரொப்பல்லருக்கும் நடுவே இருப்பதும் அதே யோசனைதான். நான் பார்த்த வடிவமைப்புகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது.

விசிறியோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. உள்ளே அழுத்தமும் வெப்பமும் கூடக்கூட அதே எண்ணெயில் கூடுதல் வேலை கிடைக்கும். டர்பைன் பிளேடு தன்னையே உருக்கிவிடும் சூட்டில் நிற்கிறது. அதற்குள் காற்றை ஓட்டிக் குளிர்விக்கிறார்கள்.

கிறிஸ்துமசுக்கு வரும்போது இறக்கைக்கு முன்னால் சன்னல் சீட் கேள், விசிறி நன்றாகத் தெரியும். அப்புறம், வரும் தேதியை முன்கூட்டியே எழுது, நான் வண்டியோடு நிற்பேன்.

அன்புடன்,
ஜோசப்