அந்தக் கூட்டத்தில் நாங்களும் நின்றோம்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

எழுபதுகளின் றொக் இசை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஒரே மூச்சில் வாசித்தேன். எழுதியவர் இசைத்தட்டுகளை நன்றாக அறிந்தவர். ஆனால் லண்டன் மண்டபங்களில் நம்மவர் எவரும் இருந்திருக்க மாட்டார்கள் என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார். அதை என்னால் அப்படியே விட முடியவில்லை. அதிகம் பேர் இல்லைத்தான், என்றாலும் இருந்தோம். அந்த வருடங்களில் எங்கள் நிறத்தோடு அந்தக் கூட்டத்துக்குள் நிற்பது எப்படியிருந்தது என்பதையும் யாராவது எழுதவேண்டும்.

இலங்கையில் பல்கலைக்கழக அனுமதிப் புள்ளிகளை மாற்றிய தரப்படுத்தல் முறை வந்தபின் அனுமதி கைக்கெட்டாமற்போன யாழ்ப்பாணத்துப் பெடியன்கள் பலர் கணக்கியல், பொறியியல் என்று படிக்க லண்டனுக்கு வந்த காலம் அது. நானும் அப்படி வந்தவன். ஆங்கிலப் பாட்டு இங்கே வந்து பழகியதல்ல. ஊரில் இருக்கும்போதே இலங்கை வானொலியின் ஆங்கில சேவை அதை என் காதில் ஏற்றிவிட்டிருந்தது.

1975 மே மாதம் ஏர்ள்ஸ் கோர்ட் மண்டபத்தில் லெட் செப்பலின் குழு ஐந்து இரவுகள் வாசித்தது. முதலில் மூன்று இரவுகள்தான் அறிவித்தார்கள். ரிக்கற் எல்லாம் உடனே முடிந்துபோகவே இன்னும் இரண்டைச் சேர்த்தார்கள். ஓர் இரவுக்கு ஏறக்குறைய 17,000 பேர். என்னோடு ஒரே வீட்டில் அறை எடுத்திருந்த நண்பனும் நானும் மிகப் பின்னால், உயரத்தில் இருந்தோம். அங்கிருந்து பார்த்தால் மேடையில் நிற்பவர்கள் விரலளவுதான். மேலே பெரிய திரையொன்று தொங்கவிட்டு, கமரா பிடிப்பதை அப்போதைக்கப்போதே அதில் காட்டினார்கள். அன்றைக்கு அது எங்களுக்குப் பெரிய புதினம். ஜிம்மி பேஜ் இரட்டைக் கழுத்துக் கிற்றாரை மாட்டிக்கொண்டு நிற்கிறார். மேல் கழுத்தின் பன்னிரண்டு தந்திகளை விட்டு, கீழ்க் கழுத்தின் ஆறு தந்திகளுக்கு அவர் கை இறங்குவதை அந்தத் திரையில் பார்த்தபோது பக்கத்திலிருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

ஆனால் எங்கள் இருவருக்கும் அந்த இரவின் உச்சம் ஜோன் பொனம் தனியாக வாசித்த இருபது நிமிடத்துக்கு மேலான ட்ரம்ஸ். வெள்ளைக்காரப் பெடியன்கள் பலர் அந்த நேரத்தில் எழுந்து பியர் வாங்கப் போய்விட்டார்கள். அளவெட்டித் தட்சணாமூர்த்தியின் தவிலைத் திருவிழா வீதியில் இரவிரவாக நின்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். எங்களுக்கு எழும்ப மனம் வரவில்லை. குச்சிகளை வைத்துவிட்டு அவர் வெறுங்கையால் அடிக்கத் தொடங்கியபோது நண்பன் என் தோளைப் பிடித்து உலுக்கி, “மச்சான், இது மேளச்சமாவடா!” என்று கத்தினான். அந்த மண்டபத்தை இப்போது இடித்துவிட்டார்கள்.

நிகழ்ச்சி முடிந்து வீட்டுக்குப் போவதுதான் எங்களுக்குப் பயம். அந்தக் காலத்து நிலக்கீழ் ரயில்களில் கடைசிப் பெட்டியில் கார்ட் நிற்பார். இரவில் நாங்கள் தேடி ஏறுவது அந்தப் பெட்டியில்தான். நிலையத்துக்கு வெளியே ‘ஸ்கின்ஹெட்’ என்ற மொட்டைத் தலை இனவெறிக்காரர் நாலு பேர் நின்றால், அவர்கள் போகும்வரை ரயில் மேடையிலேயே காத்துக்கொண்டு நிற்போம். மண்டபத்துக்குள்ளே இருக்கும் மூன்று மணித்தியாலம் எல்லாரையும்போல நானும் ஓர் ரசிகன். வெளியே வந்தால் ‘பாக்கி’, தெற்காசியர்களைத் திட்டும் அந்த வசைச்சொல்.

1976 கோடை இன்றும் வறட்சிக்காகப் பேசப்படுகிறது. எனக்கு அது வேறு காரணத்துக்காக மறக்காது. யூன் 4 ஆம் திகதி சவுத்தோலில் குர்தீப் சிங் சக்கர் என்ற 18 வயது மாணவனை வெள்ளைக்கார இளைஞர்கள் நடுத்தெருவில் குத்திக் கொன்றார்கள். ஓகஸ்ட் 5 ஆம் திகதி பேர்மிங்காம் மேடையில் எரிக் கிளப்டன் குடிபோதையில் குடியேற்றத்தை எதிர்த்த அரசியல்வாதி ஈனொக் பவலை ஆதரித்துப் பேசினார். வெளிநாட்டவர்கள் போகவேண்டும், பிரித்தானியா வெள்ளையர் நாடாகவே இருக்கவேண்டும் என்றார். கறுப்பர்களின் புளூஸ் இசையைக் கேட்டுக் கிற்றார் பழகியவர். பொப் மார்லியின் பாட்டொன்றைத் தன் குரலில் பாடி 1974 இல் அமெரிக்காவில் முதலிடம் பெற்றவர். செய்தியை இசை வாரப்பத்திரிகையில் வாசித்துவிட்டு அன்று முழுக்க நான் யாரோடும் கதைக்கவில்லை. தெருவில் ஒருவன் திட்டினால் கடந்து போகலாம். அறைச் சுவரில் படமாக ஒட்டி வைத்திருந்தவர் அதையே சொன்னால் என்ன செய்வது?

அதே வருடம் செப்ரெம்பர் 18 ஆம் திகதி ஹைட் பார்க்கில் குயீன் குழுவின் இலவச நிகழ்ச்சி. 150,000 பேருக்கு மேல் வந்ததாகச் சொன்னார்கள். நேரம் கடந்துவிட்டதென்று பொலிசார் கடைசிப் பாட்டுக்கு விடாததில் கூட்டத்துக்குக் கோபம். பாடிய ஃபிரெடி மேர்க்கூரி, சன்சிபாரில் பார்சிக் குடும்பத்தில் ஃபரோக் புல்சாராவாகப் பிறந்தவர், இந்தியாவில் பஞ்ச்கனியில் படித்தவர் என்பது எனக்கு அன்று தெரியாது. என்னைச் சுற்றி நின்றவர்களும் அறிந்ததாகத் தெரியவில்லை. அவர் ஏன் அதைப் பெரிதாகப் பேசவில்லை என்று இன்றைக்குப் பலர் கேட்கிறார்கள். 1976 இல் லண்டனில் ஆசியப் பெயரோடு வேலைக்கும் வாடகை அறைக்கும் அலைந்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள்.

கட்டுரையாளர் தொடாமல் விட்ட பகுதி இதற்குப் பிறகு வருகிறது. கிளப்டனின் பேச்சைக் கண்டித்து, றெட் சோண்டர்ஸ் என்ற புகைப்படக் கலைஞரும் நண்பர்களும் இசைப் பத்திரிகைகளுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். ஆம், இப்படியொரு ஆசிரியருக்குக் கடிதம்தான். சேர்ந்து நிற்க விரும்புபவர்கள் எழுதுங்கள் என்று கேட்டிருந்தார்கள். கடிதங்கள் வந்து குவிந்தன. ‘றொக் அகெய்ன்ஸ்ற் றேசிசம்’ (இனவெறிக்கு எதிராக றொக்) இயக்கம் அதிலிருந்து பிறந்தது.

1978 ஏப்ரல் 30 ஆம் திகதி அந்த இயக்கமும் நாசி எதிர்ப்பு அணியும் சேர்ந்து ட்ரஃபல்கர் சதுக்கத்திலிருந்து விக்ரோறியா பூங்கா வரை ஊர்வலம் நடத்தின. நண்பன் பொலிசுக்குப் பயந்து வரவில்லை. விசா விசயம், அவனைக் குறை சொல்லமாட்டேன். நான் போனேன். கிழக்கு லண்டனுக்குள் நுழைந்தபின், வழியில் ஒரு மதுச்சாலை வாசலில் நின்ற சிலர் எங்களைப் பார்த்துக் கையை நீட்டிக் கத்தினார்கள். நான் ஊர்வலத்தின் ஓரமாக அவர்களுக்குக் கிட்டவாக நடந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் வந்த இரண்டு வெள்ளைக்காரப் பெடியன்கள், என்னைவிட இளையவர்கள், ஒன்றும் சொல்லாமல் என்னை உள்பக்கம் விட்டுவிட்டுத் தாங்கள் ஓரத்துக்கு மாறிக்கொண்டார்கள். ஒருவன் விசிலை ஊதிக்கொண்டே நடந்தான். அவர்களின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

பூங்காவில் எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ் குழுவின் பொலி ஸ்ரைறீன் பாடினார். அவருடைய தகப்பன் சோமாலியர். கிளப்டன் பேசிய அதே பேர்மிங்காமிலிருந்து ஸ்ரீல் பல்ஸ் என்ற கறுப்பின இளைஞர் குழு வந்திருந்தது. கிளாஷ் குழு வந்தபோது முன்னால் நின்றவர்கள் துள்ளிய துள்ளலில் தூசி கிளம்பியது. பின்னால் நின்ற எனக்குப் பாட்டு அரைகுறையாகத்தான் கேட்டது. இசையை வைத்துச் சொன்னால் ஏர்ள்ஸ் கோர்ட் இரவுக்கு அது கிட்டவும் வராது. ஆனால் லண்டனுக்கு வந்தபின் ஒரு பெருங்கூட்டத்துக்குள் முதுகைத் திரும்பிப் பாராமல் நான் நின்றது அன்றைக்குத்தான்.

பாட்டால் இனவெறி ஒழிந்தது என்று சொல்லவரவில்லை. அந்த ஞாயிறு கழிந்து நாலாம் நாள், மே 4 ஆம் திகதி, வைற்சப்பலில் அல்தாப் அலி என்ற வங்காளதேசத் தையல் தொழிலாளி வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் குத்திக் கொல்லப்பட்டார். அந்த இடத்துப் பூங்கா இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. கிளப்டன் தன் பேச்சுக்காக வெட்கப்படுவதாக 2018 இல் சொன்னார். ஏற்பதும் விடுவதும் அவரவர் மனம். எனக்கு அது மிகவும் பிந்திய வார்த்தையாகவே பட்டது.

கட்டுரை தொடரும் என்று போட்டிருக்கிறீர்கள். ஈஸ்ற் ஹாமிலும் ரூற்றிங்கிலும் ஹரோவிலும் என் வயதுக்காரர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் சிலராவது ஏர்ள்ஸ் கோர்ட்டிலோ விக்ரோறியா பூங்காவிலோ நின்றிருப்பார்கள். பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லாமல் வைத்திருப்பார்கள். அடுத்த பகுதியை எழுதுமுன் கட்டுரையாளர் அவர்களைத் தேடிப்பிடித்துக் கதைக்கட்டும். அவர்களிடம் ஒரு படமோ ரிக்கற் துண்டோ இருந்தால் வாங்கி, உங்கள் இதழில் போடுங்கள்.

இப்படிக்கு,
நீண்டநாள் வாசகர்,
ஈஸ்ற் ஹாம், லண்டன்