தவறும் இயந்திரத்துக்குப் பதில் சொல்பவர் யார்? சர்வதேச விளையாட்டுக் கூட்டமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய விதிமுறைக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். தீர்ப்புச் சொல்லும் வேலை மனிதரிடமிருந்து கேமராவுக்கும் கணினிக்கும் மாறிவருவதை எதிர்ப்பதற்காக இம்மடலை எழுதவில்லை. 2010 உலகக் கோப்பைக் கால்பந்தில், ஜெர்மனிக்கு எதிராக இங்கிலாந்தின் ஃபிராங்க் லாம்பார்டு அடித்த பந்து கோல்கோட்டைத் தாண்டி விழுந்ததைத் தொலைக்காட்சி பார்த்த அனைவரும் கண்டார்கள். காணாதவர்கள் களத்தில் நின்ற நடுவர்களே. வீட்டில் இருப்பவருக்குத் தெரிவது நடுவருக்குத் தெரியாது என்ற நிலை நீடித்திருக்க முடியாது. 2012-இல் ஒப்புதல் பெற்ற கோல்கோட்டுத் தொழில்நுட்பம் 2014 உலகக் கோப்பையில் இடம்பெற்றது நியாயமே. ஆனால் இயந்திரமே தவறும்போது யார், எதைக் கொண்டு தீர்ப்பளிப்பது என்பதில் நீங்கள் போதிய அக்கறை காட்டியதாகத் தெரியவில்லை.

1877-இல் தொடங்கிய விம்பிள்டன் டென்னிஸ் போட்டி, பந்து கோட்டுக்கு வெளியே விழுந்ததா என்று சொல்லும் கோட்டு நடுவர்களை 2025-இல் முற்றிலுமாக விலக்கி, அவ்வேலையை மின்னணு அமைப்பிடம் ஒப்படைத்தது. அதே ஆண்டு நான்காம் சுற்றில், அனஸ்தாசியா பாவ்லியுசென்கோவாவுக்கு எதிராக சோனே கார்ட்டல் அடித்த பந்து கோட்டுக்கு வெளியே விழுந்தும் மின்னணுக் குரல் ஒலிக்கவில்லை. மைதானத்தின் ஒரு பகுதியில் அந்த அமைப்பு தவறுதலாக அணைக்கப்பட்டிருந்தது. பந்து வெளியே விழுந்ததை மறுஒளிபரப்பு தெளிவாகக் காட்டியபோதும், அந்தப் புள்ளியை மீண்டும் ஆடும்படி நடுவர் அறிவித்தார். வென்றிருக்க வேண்டிய கேமை பாவ்லியுசென்கோவா இழந்தார். இறுதியில் ஆட்டத்தை அவரே வென்றதால் விவகாரம் அதிகம் வளரவில்லை. அமைப்பாளர்கள் கண்ட தீர்வு, இயக்குபவர்கள் அதைக் கையால் அணைக்க இயலாதபடி செய்ததுதான். கருவி மௌனமானால் மறுஒளிபரப்பைப் பார்த்து உடனே முடிவெடுக்கும் வாய்ப்பை நடுவருக்குத் தருவதல்லவா முதலில் செய்ய வேண்டியது?

அதைவிட ஆழமான சிக்கல், இயந்திரம் சரியாக இயங்கும்போதே இருக்கிறது. 2022 கத்தார் உலகக் கோப்பைக் கால்பந்தில் ஆஃப்சைடைக் கணிக்க (பந்து தரப்படும் தருணத்தில் தாக்கும் வீரர் எதிரணியின் கடைசிக்கு முந்தைய வீரரைத் தாண்டி நின்றாரா என்று பார்க்க), ஒவ்வொரு வீரரின் உடலிலும் 29 புள்ளிகள் வரை விநாடிக்கு 50 முறை பதிவு செய்யப்பட்டன. விநாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் ஓடும் ஒருவர், ஒரு பதிவுக்கும் அடுத்த பதிவுக்கும் இடையில் 16 செ.மீ. நகர்ந்துவிடுவார். இந்த இடைவெளியை நிரப்புவது கேமராவின் கண் அல்ல, கணக்கீடு. அக்கணக்கீடு பெரும்பாலும் சரியாகவே இருக்கலாம்; ஆயினும் திரையில் வரும் முப்பரிமாணப் படம், ஐயத்துக்கே இடமில்லாத உண்மையைப் போல, விரல் நுனியளவு வித்தியாசத்தில் ஒரு கோலை ரத்து செய்கிறது.

இந்த வகையில், ரசிகர்கள் ஓயாமல் திட்டித்தீர்க்கும் கிரிக்கெட்டின் ‘அம்பயர்ஸ் கால்’ விதியே எனக்கு நேர்மையானதாகப் படுகிறது. எல்பிடபிள்யூ மறுஆய்வில், அதாவது மட்டையாளரின் காலில் பட்ட பந்து தடைபடாவிட்டால் ஸ்டம்ப்பில் பட்டிருக்குமா என்று பார்க்கையில், பந்தின் பாதிக்கும் குறைவான பகுதியே ஸ்டம்ப்பில் படும் என்று கணிப்பு காட்டினால் களநடுவரின் தீர்ப்பே நிற்கும். எதிர்காலப் பாதையைக் கணிக்கும் கருவிக்கு ஓர் எல்லை உண்டு என்பதை விதியே ஒப்புக்கொள்கிறது. நீங்கள் ஏற்கும் ஒவ்வொரு கருவிக்கும் அதன் பிழை வரம்பைப் பொதுவெளியில் வெளியிட்டு, அவ்வரம்புக்குள் வரும் முடிவுகளைக் களநடுவரிடமே விட்டுவிட வேண்டும்.

அந்தக் களநடுவர் எங்கிருந்து வருவார் என்பதையும் எண்ணிப்பாருங்கள். கோட்டருகே நின்று பல ஆண்டுகள் பழகியவர்களே டென்னிஸில் பிற்பாடு உயர்ந்த நாற்காலியில் அமரும் நடுவர்களாகிறார்கள். அந்தப் படியை எடுத்துவிட்டு, நெருக்கடியில் மட்டும் உறுதியான முடிவை அவரிடம் எதிர்பார்ப்பது பொருந்தாது. உலகில் நடக்கும் போட்டிகளில் மிகப்பெரும்பாலானவை இன்றும் எந்தக் கருவியும் இல்லாமல் மனித நடுவரை நம்பியே நடக்கின்றன. உச்சநிலைப் போட்டிகளுக்காக நீங்கள் எடுக்கும் முடிவு அவற்றுக்கான நடுவர்களின் வரத்தையும் பாதிக்கும்.

இறுதியாக, தன் கால் எங்கே இருந்தது என்று ஒரு கருவி சொன்னதை வைத்துத் தண்டிக்கப்படும் வீரருக்கு, அந்தப் பதிவை முழுமையாகக் கேட்டுப்பெறும் உரிமை வேண்டும். தரவு வணிகச் சொத்தாக மாறிவரும் சூழலில், அது நிறுவனத்தின் இரகசியம் என்ற பதிலை ஏற்க இயலாது. அடுத்த விதித் திருத்தத்துக்கு முன்பாக, வீரர்களின் சங்கங்களையும் நடுவர்களின் சங்கங்களையும் ஒரே மேசைக்கு அழைத்து இவற்றைப் பேசி முடிவெடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
விளையாட்டைத் தொடர்ந்து கவனித்துவரும் ஒரு பார்வையாளர்