கறிவேப்பிலை வாங்கப் போன கதை

சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

அன்புள்ள கமலா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. முட்டிவலி எப்படி இருக்கிறது? பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாளா?

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. கோயில் கூடத்தில் ஞாயிறுதோறும் தமிழ் வகுப்பு எடுக்கிறேன் இல்லையா, போன மாதம் அங்கே பெண்களுக்கு எச்ஐவி பற்றிப் பேச ஒரு நர்ஸ் வந்தாள். பையிலிருந்து மரத்தில் செய்த ஒன்றை எடுத்து மேசைமேல் நிறுத்தி, ஆணுறை மாட்டிக் காட்டினாள். முன்வரிசைப் பாட்டிகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். நானும்தான். அப்புறம் பெண்கள் போட்டுக்கொள்ளும் உறை. அதன் வளையத்தைத் தொட்டுப் பார்த்து, "வளையலா இது?" என்றாள் ஒருத்தி.

கொசு கடித்தால் வருமா என்று யாரும் கேட்கவில்லை. எச்ஐவி உள்ளவர்கள் உலகிலேயே அதிகம் இருக்கும் நாடு இது, அதெல்லாம் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். நாற்காலி அடுக்கும்போதுதான் ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி மெதுவாகக் கேட்டாள்: "நான் ஒருத்தரோடதான் வாழறேன். எனக்கு எதுக்கு டெஸ்ட்?"

"நீங்க சரி. அவர்?" என்றாள் நர்ஸ்.

அவள் பேசாமல் அடுத்த நாற்காலியை எடுத்தாள்.

எனக்குச் சுருக்கென்றது. இவர் ஜொகன்னஸ்பர்க்கில் இரண்டு வருஷம் தனியாக இருந்தாரே, மாதம் ஒருமுறை வருவார். சட்டைப்பையைத் துழாவித் துவைக்கப் போட்டேனே தவிர ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டால் சந்தேகம் என்பார்கள். உறை போடச் சொன்னாலோ, "நீ எவனோடு போனாய்?" என்று நம்மிடமே திரும்பும். 1986-ல் நாம் ஹாஸ்டலில் இருந்தபோது சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழு இந்தியாவில் முதன்முதலாக எச்ஐவி தொற்றைக் கண்டுபிடித்த செய்தியைப் படித்து, அது 'அந்த மாதிரிப்' பெண்களுக்கு வருவது என்றுதானே பேப்பரை மடித்தோம்?

இந்த ஊர் டாக்டர்கள் குவாரைஷா, சலீம் அப்துல் கரீம் தம்பதிக்கு இது புரிந்திருந்தது. புருஷனைக் கேட்காமல் பெண் தானே பயன்படுத்த ஒன்று வேண்டும் என்று தேடினார்கள். 2010-ல் அவர்கள் சோதித்த, பெண்ணுறுப்புக்குள் தடவிக்கொள்ளும் டெனோஃபோவிர் மருந்து ஜெல் தொற்றை 39 சதவீதம் குறைத்தது. பின்னால் நடந்த பெரிய ஆய்வில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. தடவ முடியாத நாளில் மருந்து என்ன செய்யும், பாவம்! 2024-ல் வந்த முடிவுதான் எனக்குப் பிடித்தது. ஆறு மாதத்துக்கு ஒரு தடுப்பு மருந்து ஊசி, லெனகாபவிர். இங்கேயும் உகாண்டாவிலும் இளம்பெண்கள் 2,134 பேருக்குப் போட்டதில் ஒருத்திக்கும் தொற்றவில்லை. தடுப்பு மாத்திரை டப்பா என்றால் குலுங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். ஊசி போட்டது வீட்டில் யாருக்குத் தெரியும்?

சரி, என் கதைக்கு வருகிறேன். கறிவேப்பிலை வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளினிக்குக்குப் போனேன். விரல் நுனியில் ஒரு குத்து, இருபது நிமிஷம். கடைசி மூன்று மாதத்துக்குள் தொற்றியிருந்தால் இதில் தெரியாமலும் போகலாமாம். எனக்கு இது புதுச் செய்தி. அந்த இருபது நிமிஷமும் சுவரிலிருந்த போஸ்டரில் எழுத்துகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரே கோடு. இல்லை என்று அர்த்தம்.

வெறுங்கையோடு வந்தவளை இவர் ஏற இறங்கப் பார்த்தார். "கொல்லையில் மரமே இருக்கிறதே!"

நீ எப்போதாவது டெஸ்ட் எடுத்திருக்கிறாயா? கடிதத்தில் எழுதக் கூச்சமாக இருந்தால் போனில் சொல்லு.

உன்,
மீனா