நல்ல நாம்பனை முதலில் விற்காதீர்கள்

திருகோணமலை மாவட்டக் கால்நடை வளர்ப்போர் சங்கங்களுக்கும், மாகாணத்தில் மாட்டின விருத்தித் திட்டம் போடுகிறவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

மாட்டைப் பற்றி எந்தக் கூட்டம் கூடினாலும் ஒரு பேச்சு தவறாமல் வரும்: "எங்கட மாடு வளருதில்லை, வெளிநாட்டு இனம் தாங்க." உடனே யாராவது கைத்தொலைபேசியை நீட்டி, தசை பிதுங்க நிற்கும் பெல்ஜியன் புளூ காளையின் வீடியோவைக் காட்டுவார். இனம் கேட்பது பிழையில்லை. ஆனால் அதற்கு முன்னால் பட்டி வாசலில் நடக்கிற ஒன்றை நிறுத்த வேண்டும். நன்றாக வளர்கிற நாம்பன், அதாவது இளங்காளைதான், நம்மிடம் முதலில் விலைப்படுகிறது. வளராதது நின்று பசுக்களைச் சினையாக்குகிறது.

பெரும்போக வெட்டு முடிந்து மாடுகள் வயலுக்கு இறங்கியதும் வியாபாரி பட்டிக்கு வருவார். தராசு கிடையாது. வேலியோரம் நின்று ஒரு சுற்றுப் பார்ப்பார். பிறகு உள்ளே போய் ஒன்றிரண்டின் இடுப்பிலும் வாலடியிலும் கையை அழுத்தி, எலும்பு தட்டுகிறதா சதை தட்டுகிறதா என்று பார்ப்பார். அவர் கை கடைசியாக நிற்பது, கூடப் பிறந்த நாம்பன்களைவிட ஒரு சாண் உயர்ந்து நெஞ்சு அகன்று நிற்கிற அந்த ஒன்றில்தான். குத்துமதிப்பாக ஒரு விலை, பாதிக் காசு கையில். பிள்ளையின் ரியூஷன் காசும் கூப்பன் கடைக் கடனும் காத்திருக்கும்போது எந்தப் பட்டிக்காரர் வேண்டாம் என்பார்? வியாபாரியையும் நான் குறை சொல்லவில்லை, அவருடைய கண் சரியான கண். இன விருத்திக்குக் காளை தெரிந்தெடுக்க வேண்டிய கண் அது. நாம் அதை இறைச்சிக்கு மட்டும் பயன்படுத்துகிறோம்.

(இறைச்சி என்ற சொல்லைக் கண்டு முகம் சுளிக்கிற வாசகர்களும் இருப்பார்கள். எங்கள் வீட்டு அடுப்பிலும் அது ஏறியதில்லை. ஆனால் தம்பலகாமம், மூதூர், கிண்ணியா, வெருகல் எங்கும் பசுவை வைத்திருப்பவருக்குப் பால் ஒரு வருமானம் என்றால், ஆண் கன்று இன்னொரு வருமானம். அது எங்கே போகிறது என்று எல்லோருக்கும் தெரியும்.)

வளர்ச்சி பரம்பரையாக வருவதா, தீனியால் வருவதா என்று கேட்டால், இரண்டாலும் என்பதே பதில். முறையாகப் பதிவு வைத்த மந்தைகளில் பல நாடுகளில் கணக்கிட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஒரு வயது எடையில் மாட்டுக்கு மாடு தெரிகிற வேறுபாட்டில் ஏறக்குறைய 40 வீதம் பரம்பரையால் வருவது. பால்குடி மறக்கும்போது உள்ள எடையில் அது 25 வீதமளவுக்கு இறங்கிவிடும். மற்றதெல்லாம் தாயின் பால், மேய்ச்சல், பூச்சி, புழு, மழை.

40 வீதத்தைக் கையில் பிடித்துப் பார்ப்போம். ஒரு பட்டியில் ஒரு வயது நாம்பன்களின் சராசரி எடை 120 கிலோ என்று வையுங்கள். ஒன்று மட்டும் 140 கிலோ. மிகையான 20 கிலோவில் பரம்பரைக்கு உரியது சுமார் 8 கிலோ. கன்றுக்குத் தகப்பனிடமிருந்து பாதிதான் போகும், ஆக 4 கிலோ. அதே காளையைப் பட்டியில் வைத்து 20 பசுக்களைச் சினைப்படுத்தினால், அடுத்த ஈற்றில் 20 கன்றுகளும் ஒரு வயதில் சராசரியாக 4 கிலோ கூடுதலாக வரும், ஒரு சதம் தீனிச் செலவில்லாமல். நல்லதை விற்று 100 கிலோ நாம்பனைப் பட்டியில் வைத்தால் இதே கணக்குத் தலைகீழாக ஓடும். எத்தனை தலைமுறையாக ஓடுகிறது என்று யோசித்துப் பாருங்கள். பிறகு "நாட்டு மாடு என்றால் குள்ளம்தான்" என்று மாட்டின் மேல் பழி போடுகிறோம்.

ஆனால் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவதெல்லாம் பரம்பரையால் பெரிதல்ல. ஒருவர் பசுவில் ஒரு போத்தல் கறந்துவிட்டு மீதியைக் கன்றுக்கு விடுகிறார், பக்கத்துப் பட்டிக்காரர் முலையை ஒட்டக் கறக்கிறார். இரண்டு கன்றையும் பக்கத்தில் நிறுத்தினால் தெரிவது கறந்த கையின் வேறுபாடுதான். மார்கழியில் பிறந்த கன்றையும் ஆடியில் பிறந்ததையும் ஒப்பிடுவதும் அப்படித்தான். முதல் ஈற்றுப் பசுவின் கன்றும் நாலாம் ஈற்றுப் பசுவின் கன்றும் ஒன்றல்ல. அதனால் ஒப்பீடு எப்போதும் ஒரே பட்டிக்குள், ஒரே பருவத்தில் பிறந்தவற்றுக்குள் நடக்க வேண்டும். பிறந்த மாதமும் தாயின் அடையாளமும் ஒரு கொப்பியில் இருந்தால் போதும்.

தராசு இல்லையே என்பீர்கள். தையற்காரரின் அளவு நாடா போதும். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சைச் சுற்றி ஒரு அளவு, தோள்முனையிலிருந்து பிட்டத்து எலும்பு வரை ஒரு அளவு. நெஞ்சுச் சுற்றை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 10,840 ஆல் வகுத்தால் கிலோ வரும். சுற்று 130 சென்ரிமீற்றர், நீளம் 110 என்றால் ஏறக்குறைய 171 கிலோ. தராசின் துல்லியம் இதில் வராது, நாட்டு மாட்டுக்குக் கொஞ்சம் முன்பின் ஆகலாம். எது முதல், எது கடைசி என்று வரிசைப்படுத்த இது தாராளம். மாடு நாலு காலிலும் நேராக நிற்க வேண்டும், அவ்வளவுதான். அது நிற்க மறுக்கிற கதையை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அளந்து தெரிந்தெடுப்பது பழைய வித்தை. அமெரிக்காவின் மொன்டானாவில் மைல்ஸ் சிட்டி ஆய்வுப் பண்ணையில் 1934 இல், ஒரு தகப்பனுக்குப் பிறந்த ஹெர்போர்ட் என்ற இறைச்சி இனத்துக் காளைகள் இரண்டை வைத்து ஒரு மந்தையைத் தொடங்கினார்கள். வெளியிலிருந்து மாடு சேர்க்கவில்லை. நிறுத்துப் பார்த்து, நன்றாக வளர்ந்ததை விதைக்கு வைத்தார்கள். மாட்டின் முழு மரபணுத் தொகுதி 2009 இல் வெளியானபோது, அதற்கு இரத்தம் கொடுத்தது அந்த மந்தையின் பசு ஒன்று. அதைத் தெரிந்தெடுத்ததற்கு ஒரு காரணம், நெருங்கிய உறவுக்குள் கூடிக் கூடி அதன் மரபணுவில் வேற்றுமை குறைந்து, படிக்க இலகுவாக இருந்தது. விஞ்ஞானிக்கு அது வசதி, பட்டிக்காரருக்கு அது ஆபத்து. தகப்பன் காளை தன் மகள் நாகுகள் மேலேயே ஏறினால் கன்றின் வளர்ச்சியும் சினைப் பிடிப்பும் குறையும். நல்ல காளையென்றாலும் அதன் மகள்கள் பருவத்துக்கு வருமுன் பட்டி மாற்ற வேண்டும்.

அப்புறம் அந்த பெல்ஜியன் புளூ. அதன் சதைக்குக் காரணம் மயோஸ்டேட்டின். தசையைப் போதும் நில் என்று தடுக்கிற புரதம் அது. அதை உண்டாக்கும் மரபணுவில் 11 எழுத்துகள் விடுபட்டதால் தடுப்பு வேலை செய்யவில்லை என்று 1997 இல் கண்டுபிடித்தார்கள். கன்று பெருத்துப் பிறப்பதால் அந்த இனத்துப் பசுக்களில் மிகப் பெரும்பாலானவை சிசேரியன் செய்துதான் கன்று ஈனுகின்றன. வெருகல் ஆறு பெருகி வீதி மூடிய இரவில், இருநூறு கிலோகூட வராத நம் பசுவுக்கு யார் வந்து சிசேரியன் செய்வது?

வளர்ச்சிக்கு அப்படி ஒற்றை மரபணு கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். மாட்டின் உயரத்தைப் பற்றி 2018 இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில் 58,265 மாடுகளின் தரவைச் சேர்த்துப் பார்த்தார்கள். மரபணுத் தொகுதியில் உயரத்தோடு தொடர்புள்ள 163 இடங்கள் அகப்பட்டன. அத்தனையும் சேர்ந்தும் உயர வேறுபாட்டில் 14 வீதத்தைக்கூடத் தாண்டி விளக்கவில்லை. சிறு சிறு விளைவுகள் ஆயிரக்கணக்கில் கூடித்தான் ஒரு மாடு பெருக்கிறது.

பிராமன் கேட்பவர்களோடு எனக்குச் சண்டை குறைவு. நெல்லூர், குஜராத் பக்கத்துத் திமில் மாடுகளிலிருந்து அமெரிக்காவில் உருவான இனம், வெயில் தாங்கும். அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், ரொக்ஹாம்டன் பக்கம், பிராமனையும் ஆங்கிலேய இனக் கலப்பையும் ஒப்பிட்டார்கள். உண்ணியும் குடற்புழுவும் வெயிலும் இருந்த இடத்தில் பிராமன் கூட வளர்ந்தது. அதே மாடுகளை உண்ணி, புழு நீக்கி, நல்ல தீனி போட்டு வளர்த்தபோது ஆங்கிலேய இனம் முந்தியது. எந்தக் காளை நல்ல காளை என்பதை நிலமும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. பெரிய உடம்புக்கு உயிரோடு நிற்கவே நிறையப் புல் வேண்டும். நம் மேய்ச்சல் தரை எவ்வளவு மிஞ்சியிருக்கிறது, மாரியில் வயல் மூடியதும் மாடு எங்கே போகிறது என்று உங்களுக்கே தெரியும். 2022 டிசம்பர் குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் செத்ததையும் மறந்திருக்க மாட்டீர்கள். மேய்ச்சல் தரைப் பிரச்சினை தனி மடலுக்கு உரியது, இங்கே விடுகிறேன்.

செயற்கைமுறைச் சினைப்படுத்தல் வீட்டோடு கட்டி வளர்க்கும் கறவைக்குச் சரி. காட்டோரம் மேய்கிற பட்டிப் பசுவின் பருவம் ஒரு நாள்கூட நிற்காது, பல நேரம் இரவிலேயே வந்து போய்விடும். அதைப் பார்த்துச் சொல்வதற்குள் ஏதோ ஒரு நாம்பன் வேலையை முடித்திருக்கும். அந்த ஏதோ ஒரு நாம்பன் எது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அதிகாரிகளிடம் கேட்பது பெரிய திட்டமல்ல. சங்கத்துக்கு நாலு அளவு நாடா, ஒரு பதிவுக் கொப்பி. பட்டியில் முதலாவதாக வந்த நாம்பனை விற்காமல் வைத்திருப்பவருக்கு, வியாபாரி தருகிற விலையை ஈடுசெய்ய ஒரு தொகை. காசு இல்லாமல் "விற்காதே" என்று சொல்வது வெறும் உபதேசம். மீதி நாம்பன்களைக் காலத்தோடு காயடிக்க ஆளும் இடுக்கியும். காளையைப் பட்டிக்குப் பட்டி மாற்றுமுன் இரத்தம் எடுத்து, கன்று வீசச் செய்யும் தொற்றுநோயான புரூசெல்லோசிஸ் இல்லையென்று பார்த்துக் கொடுங்கள், இல்லாவிட்டால் வளர்ச்சிக்குப் பதில் கன்றுவீச்சைத்தான் பங்கிடுவோம். விந்துக் குழாய் தருவதானால் அந்தக் காளையின் கன்றுகள் பிறக்கும்போது என்ன எடை என்பதையும் சொல்லுங்கள், பெரிய கன்றை நம் சிறிய பசு ஈன முடியாமல் போகக்கூடாது.

சங்கங்கள் அதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம். மாசி, பங்குனியில் மாடுகள் வயலுக்கு இறங்கும், கன்றுகளைப் பிடித்துக் குறி சுடுவோம். பிடித்த கையோடு நாடாவையும் சுற்றிவிடலாம். வியாபாரி வருவதற்கு முந்திய வாரம் அதைச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
தம்பலகாமத்துப் பட்டிக்காரர் வீட்டுப் பிள்ளை ஒருவன்