கோத்தகிரியில் நான்கு செதில் புழுக்கள்

கோத்தகிரி
நவம்பர் 12

அன்புள்ள சரசு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுதப் பத்து நாளாகிவிட்டது. காரணம், என் சாப்பாட்டு மேசையில் இருக்கும் ஒரு சின்னப் புட்டி. அண்டார்க்டிக்கைச் சுற்றியுள்ள தென்பெருங்கடலுக்குப் போய் வந்த என் பழைய மாணவி, கடலடிச் சேற்றில் கிடைத்த நான்கு செதில் புழுக்களைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். இங்கே ஐப்பசி மழை. பகல் பதினொரு மணிக்கும் விளக்கில்லாமல் நுண்ணோக்கியில் ஒன்றும் தெரிவதில்லை.

மலையேறி வந்த குலுக்கலில் முதுகுச் செதில்கள் பாதிக்குமேல் உதிர்ந்துவிட்டன. மண்டபம் கடற்கரையில் நாம் முதலில் பிடித்த புழுவும் கைபட்டதும் செதிலை உதிர்த்தது, நீ பதறிப்போனாய். செதில் போனாலும் அது ஒட்டியிருந்த மேடு போவதில்லை. ஊசிமுனையால் விலக்கி, மேடுள்ள உடல் வளையங்கள் எத்தனையாவது என்று எண்ணினேன்: 2, 4, 5, 7, பிறகு ஒன்றுவிட்டு ஒன்றாக 23 வரை, அப்புறம் 26, 29, 32. மொத்தம் 15 ஜோடி. ஹார்மோத்தோ என்ற செதில் புழுப் பேரினத்தின் கணக்கு அதுதான், ஆனால் அதன் உறவுக்காரப் பேரினங்கள் பலவற்றுக்கும் அதுவே கணக்கு.

எனவே ஒவ்வொன்றிலும் ஒரு பக்கக் காலை வெட்டி ஒரு சொட்டு நீரில் வைத்துப் பார்த்தேன். மூன்று புழுக்களில், காலின் கீழ்ப்பகுதியில் உள்ள முட்களின் நுனி கவட்டைபோல இரண்டாகப் பிரிகிறது. நான்காவதில் ஒரே கூர்தான். தேய்ந்து போயிருக்குமோ என்று சந்தேகம். தோலைவிட்டு அப்போதுதான் எட்டிப்பார்க்கும் இளமுட்களைத் தேடிப் பார்த்தேன். அவற்றிலும் ஒரே கூர். அப்படியென்றால் தேய்மானம் இல்லை, வேறு வகையாக இருக்கலாம். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை, சரசு.

மாணவி நான்குக்கும் ஒரே பெயர் எழுதியிருந்தாள், அதுவும் வட அட்லாண்டிக் புழுவின் பெயர். பழைய வழக்கம் இது. கிரீன்லாந்தின் வேறொரு கடற்புழுவுக்கு 1840-களில் வைத்த கிளிசரா கேபிடேட்டா என்ற பெயர், பழைய பட்டியல்களில் அண்டார்க்டிக் வரை நீள்கிறது. உலகக் கடல்களை ஆராயப் போன சேலஞ்சர் கப்பல் கொண்டுவந்த புழுக்களை ஆராய்ந்த மக்கின்டாஷ், 1885-இல் தெற்கே உள்ள கெர்கெலென் தீவின் கிளிசராவுக்குத் தனிப் பெயரே கொடுத்தார். அந்தப் பொறுமை எனக்குப் பிடிக்கும். இந்த மலையில் நீலமாகப் பூத்ததையெல்லாம் நீலக்குறிஞ்சி என்று படமெடுத்துப் போகிறவர்களைப் பார்க்கும்போதும் எனக்கு இதே மனக்கஷ்டம்தான்.

ஒரு வருத்தம். நான்கையும் பார்மலினில் போட்டுவிட்டாள். ஒன்றையாவது நேரே ஆல்கஹாலில் போட்டிருந்தால் டிஎன்ஏ பார்ப்பது சுலபமாக இருந்திருக்கும். ஒன்றுபோலத் தெரியும் அந்த மூன்றும் உண்மையில் ஒன்றா என்று தெரிந்திருக்கும். உயிரோடு இருந்தபோது என்ன நிறம் என்றும் குறிக்கவில்லை. இப்போது எல்லாம் ஒரே வெளிர் மஞ்சள். அடுத்த பயணத்துக்கு முன் அவளை உட்காரவைத்துச் சொல்ல வேண்டும்.

இப்போதைக்குச் சீட்டில் பென்சிலால் 'வகை 1', 'வகை 2' என்று மட்டும் எழுதிப் புட்டிக்குள் போட்டிருக்கிறேன். மண்டபத்தில் நீ வரைந்த கால் படங்கள் உள்ள நோட்டு இன்னும் இருக்கிறதா? முள்நுனிகளை உன்னைப்போல வரைய எனக்கு வராது. நோட்டோடு நீயே வந்தால் இன்னும் நல்லது. மழை விட்டதும் எழுதுகிறேன், கிளம்பி வா.

அன்புடன்,
மீனா