கார்க் நகரத்து உப்பிறைச்சி

கார்க், அயர்லாந்து
மார்ச் 19

அன்புள்ள அம்மாவுக்கு,

சுகமாக இருக்கிறேன். இந்த வாரம் ஆஸ்பத்திரியில் பகல் டியூட்டிதான். ஒன்று சொல்கிறேன், திட்டாதே: தவக்காலத்தில் மாட்டிறைச்சி சாப்பிட்டேன். மார்ச் 17 இங்கே புனித பேட்ரிக் திருநாள். நாட்டுக்கே பாதுகாவலர் என்பதால், அது வெள்ளிக்கிழமையில் வந்தால்கூட இறைச்சிக்குத் தடை கிடையாது. சந்தேகம் என்றால் நம்ம பங்குச் சாமியாரிடம் கேள்.

செய்தது கார்ன்டு பீஃப். வீடியோவில் பார்த்துவிட்டு, "வேகவே இல்லையே, சிவப்பாக் கெடக்கு" என்றாயே, அதேதான். உப்புத் தண்ணீரில் நாள்கணக்காக ஊறப் போடும்போது நைட்ரைட் உப்பும் சேர்ப்பார்கள். அப்புறம் எவ்வளவு வேகவைத்தாலும் அந்த ரோஸ் நிறம் போகாது.

இங்கே 1788-இல் தொடங்கிய இங்கிலீஷ் மார்க்கெட் இருக்கிறது. அங்கேதான் அப்படி உப்பில் ஊறிய மாட்டின் நெஞ்சுப் பகுதியில் ஒன்றரைக் கிலோ வாங்கினேன். உப்பு இறங்க ராத்திரி தண்ணீரில் போட்டு வைக்கச் சொன்னார் கடைக்காரர். கருவாடு ஊறப்போட்டு வளர்ந்த எனக்கா சொல்லித் தரவேண்டும்! காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, பெரிய பாத்திரத்தில் புதுத் தண்ணீர் விட்டு, நல்லமிளகு, மல்லி, கடுகு, கிராம்பு, இஞ்சி, பூண்டு எல்லாம் போட்டேன். கூடவே பத்துப் பன்னிரண்டு மிளகாய் வத்தல், அது நம்ம வகை. குக்கரில் நாலு விசில் விட்டால் போதாதா என்பாய். போதாது. நெஞ்சு இறைச்சியில் சவ்வு அதிகம், அது மெல்ல உருகினால்தான் மெத்தென்று வரும். தீயைக் கூட்டினால் இறுகி நார் நாராகிவிடும். ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழி வருகிற அளவுக்குச் சிறு தீயில் மூன்று மணி நேரம். ஜன்னலைத் திறந்தும் வத்தல் நெடி போகவில்லை, கூட இருக்கும் திருவல்லாச் சேச்சி இருமிக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தார்.

இங்கத்தவர்கள் இதோடு நிறுத்தி, முட்டைக்கோஸையும் உருளைக்கிழங்கையும் அதே தண்ணீரில் வேகவைத்து, மேலே வெள்ளையாக ஒரு பார்ஸ்லி சாஸ் ஊற்றுவார்கள். மரியாதைக்குச் சாப்பிடலாம். நான் இறைச்சியை ஆறவிட்டு, நாருக்குக் குறுக்கே துண்டு போட்டு, தேங்காய் எண்ணெயில் தேங்காய்க் கொத்து, உள்ளி, கறிவேப்பிலை, பெருஞ்சீரகம், பொடித்த நல்லமிளகு போட்டு, ஓரம் கருக்கிற வரை பிரட்டி எடுத்தேன். உப்பு ஒரு கல்கூடப் போடவில்லை. தொட்டுக்கொள்ள இது, தின்ன மரச்சீனிக் கிழங்கு. ஆமாம், இந்தியக் கடை ஃப்ரீசரில் உறைந்து கட்டியாகக் கிடைக்கிறது. ருசி நம்ம ஊர்க் கிழங்குக்குப் பக்கத்தில் வராது, ஆனாலும் கிழங்கு.

இதில் ஒரு வேடிக்கை. 18ஆம் நூற்றாண்டில் இந்தத் துறைமுகத்திலிருந்துதான் உப்பிட்ட மாட்டிறைச்சி பீப்பாய் பீப்பாயாகக் கப்பல் ஏறியது. ஆனால் இங்கே ஏழைகளின் தட்டில் உருளைக்கிழங்குதான். பிற்பாடு நியூயார்க்குக்குப் பிழைக்கப் போனவர்கள், அங்கே யூதர்களின் இறைச்சிக் கடையில் கட்டுபடியாகிற விலைக்குக் கிடைத்ததால் இதை வாங்கித் திருநாள் சாப்பாடாக்கிக்கொண்டார்கள். வார்டில் ஒரு பாட்டியிடம் நான் சமைத்ததைச் சொன்னேன். "அது அமெரிக்காக்காரங்க பழக்கம் மகளே, எங்க வீட்டில் பன்றியும் முட்டைக்கோஸும்தான்" என்று சிரித்தார். வத்தல் போட்டதை நான் சொல்லவில்லை.

சேச்சி மே மாதம் ஊருக்கு வருகிறார், திரும்புவதற்கு முன்னால் தக்கலைக்கு வந்து உன்னைப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். மாறாமலைக் கிராம்பு கால் கிலோ கொடுத்துவிடு. இங்கே வாங்குவதில் எண்ணெயே இல்லை, வெறும் குச்சி. நல்லமிளகும் கொஞ்சம் கொடு, பொடிக்காமல் முழுசாக. அப்பாவுக்குப் பிரஷர் மாத்திரை முடிந்திருக்கும், வாங்கச் சொல். அவரிடம் இந்த உப்பிறைச்சிக் கதையை எடுக்காதே, வேண்டும் என்று அடம்பிடிப்பார்.

அன்புடன்,
உன் மகள்