சாக்கில் கட்டி அனுப்பினால் பூனைகள் குறையாது

ஆசிரியர் அவர்களுக்கு,

அடுக்ககங்களில் பூனைத் தொல்லை என்ற பேச்சு வந்ததும், நலச்சங்கக் கூட்டத்தில் முதலில் எழும் யோசனை, சாக்கில் பிடித்துப்போய் மீன் சந்தையில் விட்டுவிடலாம் என்பதுதான். சாப்பாடும் ஒண்ட இடமும் இருக்கும்வரை பக்கத்துத் தெருப் பூனைகள் காலியான அடுக்ககத்துக்கு வந்து சேரும். பட்டினி கிடக்கும்படி விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றமும்கூட. பிடித்து, கருத்தடை செய்து, பிடித்த இடத்திலேயே விடுவதுதான் பலன் தரும். அதையும் அரைகுறையாகச் செய்தால் வீண். பெட்டை ஐந்தாம் மாதத்திலேயே சினைப்படலாம். ஒன்பது வாரத்தில் ஈனும். பால் கொடுக்கும்போதே மறுபடி சினைப்படும். எனவே பத்துத் தெருவில் தெருவுக்கொன்றாகப் பிடிப்பதைவிட, ஒரு வளாகத்துப் பூனைகள் அனைத்தையும் அடுத்தடுத்து முடித்துவிட வேண்டும்.

முதலில் ஒரு வாரம் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் உணவு வைத்துத் தலைகளை எண்ணுங்கள். பிடிப்பதற்கு முந்தைய நாள் தண்ணீர் மட்டும். இங்கேதான் பெரும்பாலும் சொதப்பும்: மூன்றாம் மாடியில் யாரோ இரக்கப்பட்டு வைக்கும் தயிர்சாதம் போதும், கூண்டு காலியாகவே நிற்கும். கூண்டைச் சமதரையில் வைத்து, உள்ளே செய்தித்தாள் விரித்து, பூனை மிதித்ததும் கதவை விழவைக்கும் மிதிதகட்டுக்குப் பின்னால் கடைக்கோடியில் மத்தி மீனை வையுங்கள். கதவு விழுந்ததும் தடித்த துணியால் மூடினால், இருட்டில் பூனை அடங்கிவிடும். தெருவில் வைத்து வேறு கூண்டுக்கு மாற்றக் கூடாது. தப்பி ஓடுவது அப்போதுதான். கூண்டுக்கு மிரளும் பூனைக்குக் கதவைத் திறந்தபடி கட்டிவைத்து, சில நாள் உள்ளேயே சோறு வைக்கலாம்.

முலைக்காம்பு புடைத்த பெட்டை என்றால் எங்கோ குட்டிகள் காத்திருக்கின்றன. மருத்துவரிடம் சொல்லி, அவர் அனுமதிக்கும் முதல் வேளையிலேயே திரும்ப விட வேண்டும். குட்டிகளுக்கு இரண்டு மாதமும் ஒரு கிலோ எடையும் ஆகியிருந்தால் கருத்தடை செய்யலாம். ஆனால் பெரிய பூனையைப் போல அவற்றை வெகுநேரம் பட்டினி போடக் கூடாது.

தானே கரையும் தையல், வெறிநோய்த் தடுப்பூசி, மயக்கத்திலேயே இடது காது நுனியில் சுமார் ஒரு சென்டிமீட்டர் நேர்வெட்டு ஆகிய மூன்றையும் மருத்துவரிடம் கேட்டுப் பெறுங்கள். காதைப் பார்த்துச் சிலர் பதறுவார்கள். கருத்தடை ஆகிவிட்டது என்று காட்டும் அந்த அடையாளம் இல்லாவிட்டால் அதே பெட்டையை மறுபடி பிடித்து, வயிற்றை மறுபடி கிழிக்க நேரும்.

அறுவைக்குப் பின் கடுவன் ஓர் இரவும், பாலூட்டாத பெட்டை இரண்டு இரவாவதும் மூடிய கூண்டில் இருக்கட்டும். மயக்கம் முழுதாகத் தெளிந்த பிறகே உணவு. இரத்தம் கசிந்தாலோ தையல் விரிந்தாலோ உடனே மருத்துவரிடம் போங்கள். வலிக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அது உயிர்க்கொல்லி. கடியோ பிறாண்டலோ பட்டவர், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு வெறிநோய் ஊசிக்குச் செல்ல வேண்டும். கடுவனுக்கு அறுவைக்குப் பிறகும் சில வாரம் கருவுறச் செய்யும் திறன் இருக்கும். ‘ஆபரேஷன் செய்தும் பயனில்லை’ என்ற புகாருக்கு இதுவும் ஒரு காரணம்.

சென்னையில் தெருநாய்களுக்கான இதே முறையை விலங்குநல அமைப்பான புளூ கிராஸ் 1960களில் தொடங்கியது. 1990களில் மாநகராட்சியும் ஏற்றது. அந்தக் கருத்தடை மையங்களில் வாரம் ஒருநாளைப் பூனைகளுக்கு ஒதுக்கி, மண்டல அலுவலகங்களில் கூண்டுகளை இரவல் தரலாம். பூனைகளை வைக்கும் அறை மட்டும் நாய்க்கொட்டடிக்கு எட்டத்தில் இருக்க வேண்டும். குரைப்பொலி கேட்டால் அவை சாப்பிடாது.

– தெருப்பூனைப் பராமரிப்பாளர்கள் சிலர், சென்னை